இரண்டு விரல் தாராளம்

அத்தியாயம் 17

சென்ற அத்தியாயம் ஒரு தகரப் பெட்டி திறந்ததோடு நின்றது. அதைப் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உள்ளே வந்தவர்களுக்கு வீட்டு ஆட்களைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

டேப் அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர் யாரும் இல்லை, அதனால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அவள் தம்பி ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவன். தம்பி மனைவி தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டர். எடை போட்டு முத்திரை குத்தும் வேலை. மூவரும் ஒரே வீடு. முன்னறை முழுக்க அக்காவின் மிஷினும் வெட்டு மேஜையும் அடைத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் மற்ற இருவரும் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. அதனால் இந்த முறை அவள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பிள்ளை கைக்கு வருகிற வரைக்கும் இந்த வீட்டில் அதற்காக ஒரு துணி தைக்கக் கூடாது. அக்காவும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். தலைதான் ஆடியது, கை கேட்கவில்லை. வெட்டு மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் சட்டை, தொப்பி, விரிப்பு என்று இருபத்துநாலு உருப்படி சேர்ந்துவிட்டது.

கத்தரிக்கோல் தேடப்போன தம்பி மனைவி அந்தப் பெட்டியைத் திறந்தாள். அப்புறம் கேட்கவேண்டுமா? என் வயிற்றுப் பிள்ளை உங்களுக்கு ஆர்டரா என்று அவள் கேட்டாள். நீ பயந்து சாவதற்கு நான் என்ன பண்ணமுடியும் என்று அக்கா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே வலி வந்து, எட்டாம் மாதம் தொடங்கிய நாலாம் நாளே பெண் குழந்தை பிறந்துவிட்டது.

இன்றைக்கு ஆறாம் நாள். குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாய் அதே ஆஸ்பத்திரியில் மாடி வார்டில் இருக்கிறாள். ஆறு நாளாக நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வாய்தான் அந்தப் பிள்ளையை அவசரப்படுத்தி வெளியே இழுத்துவிட்டது என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்குத் தம்பி போன் பண்ணினான். மூச்சு வாங்கியது. லிஃப்ட் ஓட்டுகிறவன் படியேறி ஓடியிருக்கிறான் என்றால் விஷயம் பெரிசுதான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு மணி நேரம் தாயின் நெஞ்சோடு, தோலும் தோலும் படும்படி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் தடவை என்பதால் அவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இன்றைக்கு விட்டால் அவர் வருவது திங்கள்கிழமை. தம்பி மனைவியை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் தொப்பி இல்லாமல் பிள்ளையை வெளியே எடுக்கமுடியாது, அந்தச் சின்ன உடம்பில் சூடெல்லாம் தலை வழியாகத்தான் போகுமாம். வார்டில் இருந்த ஆகச் சின்ன தொப்பிகள் தீர்ந்துவிட்டன. அடுத்த அளவு இவளுக்குப் பெரிசு. புதுசு வருவதும் திங்கள்கிழமைதான்.

"அக்கா, போன தடவை அவ இந்த ஆஸ்பத்திரிப் படியில வெறுங்கையோட இறங்கினா," என்றான் தம்பி. "இன்னைக்கும் தூக்காமலே இறங்கினா அவ தாங்கமாட்டா."

தலையின் சுற்றளவு பதினோரு இஞ்ச் என்று அட்டையைப் பார்த்துச் சொன்னான். மெத்தென்ற துணியாக இருக்கவேண்டும், தொப்பியோடு காலுக்கு இரண்டு உறை, இடுப்புக்கு ஒரு துணி. அக்கா மேஜை மேல் கிடந்த முப்பத்தெட்டு ஸ்கர்ட்டையும் ஒரே வாரலில் ஓரம் தள்ளினாள். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. அதெல்லாம் பிறகு.

துணிக்கு எங்கே போவது? சீருடை தைக்கிறவள் வீட்டில் முரட்டுக் கால்சட்டைத் துணி இருக்கும், கஞ்சி போட்ட சட்டைத் துணி இருக்கும். பிஞ்சுத் தலைக்கு எது ஆகும்? தகரப் பெட்டியில் இருந்த தொப்பிகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அக்காவின் கைமுட்டிக்குத் தாராளமாகப் போனது. கடைசியில் கொடியில் காய்ந்த தம்பியின் பனியன்களில் ஆகப் பழையதைப் பிடித்து இழுத்தாள். எத்தனையோ முறை தூக்கிப்போடச் சொன்ன பனியன், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தாள்.

இங்கே அக்காவின் கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சீருடை தைக்கக் கூட்டிவருகிற எந்தத் தாயும் அளவு எடுக்கும்போது ஒரு வாசகத்தைச் சொல்லாமல் போனதில்லை: "வளர்ற பிள்ளை, தாராளமா வைங்கக்கா." இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, எந்த அளவு சொன்னாலும் அதற்கு மேல் இரண்டு விரல் விட்டுத்தான் அக்காவின் சாக்குக்கட்டி கோடு போடும். தோளில் இரண்டு விரல், இடுப்பில் இரண்டு விரல், கீழே மடித்துத் தைத்த துணியில் தாராளமோ தாராளம். அடுத்த வருஷம் அதைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அவள் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும்.

அன்றும் செய்தது. ஒரு மணிக்கெல்லாம் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி எல்லாம் முடித்து, சுத்தமான பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்றாம் மாடி நடையில் ஒரு நீள பெஞ்சு, கைகழுவ ஒரு தொட்டி, எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு பெட்டிகள். ஜன்னலோரம் கடைசியாக இருக்கும் ஏழாம் நம்பர்தான் நம்முடையது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தான்.

அவன் பின்னுகிற கதையும் சிரிப்புக்குரியதுதான். நாலாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா ஒருத்தி லிஃப்டில் ஏறி இறங்குகிற நேரத்தில் அவனுக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தாள். தைக்கத்தானே கூடாது என்றாள் மனைவி, பின்னக் கூடாது என்று சொல்லவில்லையே என்று இவன் லிஃப்ட் முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு போர்வையை ஆரம்பித்தான். எப்படித் தொடங்குவது என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தாள், எப்படித் தொடர்வது என்றும் சொல்லிக்கொடுத்தாள். முடிப்பது எப்படி என்று சொல்வதற்குள் அவளுக்கு மாற்றலாகிவிட்டது. நிறுத்தினால் பிரிந்துவிடுமே என்று இவன் பின்னிக்கொண்டே இருக்க, போர்வை இப்போது ஏழடியைத் தாண்டி மடியில் மலையாகக் கிடந்தது.

தம்பி மனைவி கண்ணாடியோரம் நின்றிருந்தாள். ஒரு கை கண்ணாடியில், ஒரு கை அறுத்துத் தைத்த வயிற்றின் மேல். நாத்தனார் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

தலைமை நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் தலையில் தொப்பியைப் போட்டார். அது நெற்றியில் நிற்கவில்லை. கண்ணைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, மோவாய் வரைக்கும் போய் உட்கார்ந்தது. நர்ஸ் அவசரமாக எடுத்துவிட்டு, கண்ணாடி வழியாக இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். பெரிசு.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு இஞ்ச்சுக்குத்தானே வெட்டினேன் என்று டேப்பைக் கையில் எடுத்தாள். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த தொப்பியை அளந்தால் பன்னிரண்டரை காட்டியது. சரியாக இரண்டு விரல்.

ஆறு நாளுக்கு அப்புறம் தம்பி மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்கா பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பாள்.

"பிறந்தப்ப ஆயிரத்து முன்னூத்தி நாப்பது கிராம். நேத்து ஆயிரத்து இருநூத்தி எழுபது. இன்னைக்குக் காலையில இருநூத்தி அறுபது. நான் தினமும் தராசு பார்க்கிறவ அண்ணி. அவ குறைஞ்சுகிட்டே வர்றா, நீங்க வளர விட்டுத் தைச்சிருக்கீங்க. யாருக்குத் தைச்சீங்க?"

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி தன் வார்டுக்குப் போய்விட்டாள். முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும், அப்புறம் ஏறும் என்று நர்ஸ் பின்னாலிருந்து சொன்னார். அவள் அதை ஆறு நாளாகக் கேட்டுவிட்டாள். தராசு சொல்வதைத் தவிர வேறு எதையும் நம்புகிற நிலையில் அவள் இல்லை.

மணி இரண்டே கால். பிரித்து மறுபடி தைத்துத் தருகிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். பனியன் துணி இழுபடும், அதனால் பதினொன்றுக்கு அரை இஞ்ச் குறைத்தே வையுங்கள், கொஞ்சம் பிடித்தால்தான் தலையில் நிற்கும் என்றார். மூன்றே முக்காலுக்குக் கையில் கிடைத்தால் சூடுகாட்டி எடுத்துக்கொள்வாராம். போகிற போக்கில் தம்பியின் மடியைப் பார்த்து, இது பிள்ளைக்கா லிஃப்டுக்கா என்று கேட்டார். முடிக்கத் தெரியாது என்று அவன் மென்று முழுங்கிச் சொன்னான்.

அக்காவின் பையில் ஊசி நூல், சாக்குக்கட்டி, கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். தையலைப் பிரித்தாள். துணியைப் பெஞ்சில் விரித்தாள். பத்தரைக்குப் புள்ளி வைத்துக் கோடு போட்டாள். அளந்து பார்த்தால் கோடு பதினொன்றரையில் நின்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்தத் தடவை கோடு சரி. கத்தரிக்கோலைத் திறந்து துணியில் வைத்தாள். மூட வரவில்லை.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். வெட்டு அக்கா என்றான். அவள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். வெட்டேன் அக்கா, மணியாகிறது என்றான். ஊசியோடு போர்வையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து எங்கோ போனான்.

அக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு உடுப்பைத்தான் தாராளம் விடாமல், அளவுக்கு அளவாகத் தைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பையனைக் கொண்டுபோவதற்கு முன், போட்டு அனுப்ப ஒரு சட்டை வேண்டும் என்று இதே தம்பி வந்து நின்றான். அளவைச் சொல்லமுடியாமல் ஒரு கயிற்றைத் துண்டாக நறுக்கிக் கொண்டுவந்திருந்தான். இனி வளரப்போவதில்லை என்று தெரிந்து தைத்த சட்டை அது. எதற்கு விடவேண்டும் இரண்டு விரல்? அன்றைக்கு அந்தத் துணியை வெட்டிய கைதான் இன்றைக்கு வெட்டமாட்டேன் என்கிறது.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்துவந்து, பெஞ்சின் அடுத்த முனையில் மெதுவாக உட்கார்ந்தாள். தம்பி நாலடி தள்ளியே நின்றுகொண்டான்.

"வெட்ட வரலையாமே?"

அக்கா மறைக்கவில்லை. மறைக்க அவளிடம் தெம்பும் இல்லை. "அவனுக்கு அளவாத் தைச்சேன்மா. இவளுக்கும் அளவா வெட்டினா, இவளும் அவ்வளவுதான்னு நானே முடிவு கட்டுற மாதிரி இருக்கு. கை கேக்கமாட்டேங்குது." இரண்டு வருஷமாக இந்தச் சட்டை விஷயத்தை அவளிடம் வாய்தவறியும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டோமே என்று ஆடிப்போனாள்.

அது நீங்கள் தைத்ததென்று அன்றைக்கே தெரியும் என்றாள் தம்பி மனைவி. யாரும் சொல்லவில்லை. பட்டனுக்கு அடியில் இரண்டு முடிச்சு போடுவது யார் என்று ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா?

"அஞ்சு நிமிஷம்தான் என்கிட்ட குடுத்தாங்க. அந்தச் சட்டை அவனுக்கு அவ்வளவு சரியா இருந்துச்சு அண்ணி. கழுத்து, கை எல்லாமே. அவனையும் ஒரு பிள்ளையா மதிச்சு யாரோ தைச்சிருக்காங்கன்னு நினைச்சேன். எனக்கு அன்னைக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. என் வாயால்தானே பிள்ளை முன்னாலேயே பிறந்தது, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், சண்டையால் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றாள் தம்பி மனைவி. அத்தோடு நிறுத்தியிருந்தால் அக்காவுக்கு இனித்திருக்கும். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா கோபம் அப்படியேதான் இருக்கு. வேண்டாம்னு சொன்னதை எனக்குத் தெரியாம செஞ்சீங்க. அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப இவளுக்கு ஒரு தொப்பி வேணும். இன்னைக்கு இருக்கிற தலைக்கு. அடுத்த வாரம் பத்தலைன்னா வேற தைங்க. நீங்க என்ன கடையை மூடிட்டா போகப்போறீங்க?"

வாஸ்தவம்தானே? சீருடை என்றால் வருஷத்துக்கு ஒன்று, அதனால் தாராளம். இவளுக்கு வாரத்துக்கு ஒன்று தைத்தால் யார் வேண்டாம் என்றார்கள்? இத்தனை வருஷத் தொழிலில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அக்கா நினைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பி மனைவி நகர்ந்து வந்து, துணியின் இரண்டு முனையையும் விரலால் அழுத்தி, பார்சல் தாளைப் பிடிப்பதைப்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா கோட்டின் மேலேயே வெட்டினாள். ஒரு மயிரிழை வெளியே போகவில்லை.

அதற்கப்புறம் கை ஓடத் தொடங்கிவிட்டது. தையல் தலையில் உறுத்தக் கூடாது என்று மடிப்பை எல்லாம் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தாள். மெல்லிய ஊசி, ஒற்றை நூல், பொடிப்பொடித் தையல். தம்பி மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடையில் வந்த தலைமை நர்ஸ், பெஞ்சில் அநாதையாகக் கிடந்த போர்வையைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல், நின்றபடியே ஊசிகளைப் பிடுங்கி வரிசையை முடித்துவைத்தார். இரண்டிரண்டு கண்ணியாகப் பின்னி, ஒன்றின் மேல் ஒன்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போகவேண்டும், அவ்வளவுதான் என்றார். இதற்காகவா ஏழடி பின்னினேன் என்று தம்பி வாயைப் பிளந்தான்.

மூன்று நாற்பதுக்குத் தொப்பி நர்ஸ் கைக்குப் போனது. காலுறையும் இடுப்புத் துணியும் அளவு குறுகிக் கூடவே போயின.

நாலு மணிக்குத் தம்பியும் மனைவியும் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். சாய்வு நாற்காலியில் தம்பி மனைவி சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. டாக்டர் தலையசைக்க, நர்ஸ் ஒரு கையில் குழாய்களையும் ஒரு கையில் குழந்தையையும் பிடித்துத் தூக்கி, அவள் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தார். தலையில் பனியன் தொப்பி. கழுத்துக்கு மேலே, புருவத்துக்கு மேலே, அது எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. தம்பி தன் போர்வையை நாலாக மடித்து மனைவியின் தோளைச் சுற்றிப் போர்த்தினான்.

அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தாள். பிறகு ஒரு கை குழந்தையின் முதுகை முழுக்க மூடியது. குனிந்து தொப்பியில் உதட்டை வைத்தாள். அழுகிறாளா என்று அக்கா பார்த்தாள். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் தானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அக்காதான் இந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்து மணி ஆகப்போகும்போது நடையில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை. தபால் ஆபீஸில் அடுத்த கவுண்டர்க்காரியாம். உங்கள் தம்பி மனைவியைக் கூட்டிப்போக வந்தேன், கொஞ்ச நாள் என் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள், ஆஸ்பத்திரிக்கும் பக்கம் என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அவள் முன்னாலேயே முடிவு செய்திருக்கிறாள். அது தம்பிக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? கேட்பதற்கு வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது.

"தொப்பி தைச்சவங்க யாரு? கொஞ்சம் உள்ள வாங்க," என்றார் தலைமை நர்ஸ்.

அக்கா முழங்கை வரைக்கும் கை கழுவி, கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையை மறுபடி பெட்டியில் படுக்கவைத்துத் தொப்பியை எடுத்திருந்தார்கள். ஆறு நாளில் அக்கா அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நெற்றியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், ஆனால் இது ரொம்பப் பிடிக்கிறது, நாளைக்கு இன்னொன்று வேண்டும் என்றார் நர்ஸ். தம்பி மனைவி அந்தக் கோட்டையே பார்த்தாள்.

அக்காவுக்கு ஒரு பக்கம் வருத்தம், இன்னொரு பக்கம் ரோஷம். தாராளம் விட்டாள் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறாள். ஆனால் அளவுக்கு வெட்டினால் அவள் கை தப்பு செய்யாது. பத்தரை என்றால் அது பத்தரைதான். பனியன் துணி அரை இஞ்ச் இழுபட்டும் கோடு விழுகிறதென்றால் தப்பு அளவில் இருக்கிறது. அளவு எடுத்தது யார், எப்போது என்று கேட்டாள்.

நர்ஸ் அட்டையைப் பார்த்தார். பிறந்த அன்றைக்கு எடுத்தது. எடை தினமும் பார்ப்பார்கள், தலைச் சுற்றளவு வாரத்துக்கு ஒரு தடவைதான், அடுத்தது நாளைக்கு. அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி நீட்டினாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே அதை மருந்துப் பஞ்சால் இரண்டு முறை துடைத்துக்கொடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்தார். அக்கா பெட்டி ஓட்டையில் கையை விட்டு, புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்னந்தலையைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு அளவெடுத்த கைதான், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். டேப்பைத் தளர்த்தி, இன்னொரு தடவை சுற்றி, அப்போதும் அதையே பார்த்தாள்.

"என்ன அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"பதினொண்ணு ஒரு நூல்," என்றாள் அக்கா. "ஒரு நூல் கூடியிருக்கும்மா."

தராசுக்காரிக்கு அது புரியவில்லை. நூல் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். இஞ்ச்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு என்று சொல்லி, அக்கா டேப்பின் மேல் நகத்தை வைத்துக் காட்டினாள். ஓர் அரிசி நீளம்கூட இல்லை. எடை குறைந்திருக்கிறதே என்றாள் அவள். எடை குறையும்போதும் தலை வளரும், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம், நாளைக்கு நானும் எடுத்து அட்டையில் எழுதிவிடுகிறேன் என்றார் நர்ஸ்.

தம்பி மனைவி டேப்பைக் கையில் வாங்கினாள். அக்காவின் நகம் இருந்த இடத்தில் தன் நகத்தை வைத்தாள். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் தோளைத் தொட்டான், அவள் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணிப்பையோடு நின்ற தோழி மணியைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு தம்பி மனைவி டேப்பைச் சுருட்டாமல் அப்படியே அக்காவின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

"நாளைக்குத் தொப்பியில ரெண்டு நூல் விட்டுத் தைங்க அண்ணி," என்றாள்.